குப்பை என்றால் என்ன? பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்

கோடை உழவு தொடங்குமுன், "காட்டுக்குக் குப்பை அடிச்சாச்சுங்களா?" என்று விசாரித்துக் கொள்வது கொங்கு நாட்டு உழவர்களின் வழக்கம். இங்கே குப்பை என்பது எரு. சாணம், கட்டுத்தறிக் கூளம், அடுப்புச் சாம்பல், வாசல் சருகு யாவும் குழியில் கிடந்து மக்கி, வண்டியேறி நிலத்துக்குப் போகும் செல்வம். அண்மையில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "குப்பை என்றால் என்ன?" என்று கேட்டேன். "பிளாஸ்டிக் சார்", "பாலித்தீன் கவர் சார்" என்றார்கள். எரு என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள்.

அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. வீட்டு எருக்குழியில் இன்று அதுதான் கிடக்கிறது. ஒரு வண்டி எருவைக் கொட்டிக் கலைத்துப் பாருங்கள். பால் கவர், ஷாம்பு பாக்கெட், மாட்டுக்குப் போட்ட ஊசி, உடைந்த மது பாட்டில் எல்லாம் வெளிவரும். களையெடுக்க இறங்கும் பெண்களின் காலைக் கிழிப்பது அந்தக் கண்ணாடிதான். ஏக்கருக்கு 5 டன் தொழு எரு இடுங்கள் என்று பரிந்துரைத்து வந்த என் போன்றவர்கள், அந்த எருவோடு நிலத்துக்குள் போகும் பாலித்தீனைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டது. பாடங்கள் வந்தன. பள்ளிகளில் பசுமைப் படைகளும் அமைந்தன. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடையும் வந்தது. ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாள் ஊர்வலம் போகிறோம். நான் தலைமை தாங்கிய விழாக்களிலேயே, மரக்கன்றை நட்டுவிட்டு, அது வளர்ந்து வந்த கறுப்புப் பாலித்தீன் பையைக் குழியருகே போட்டுவிட்டு வந்திருக்கிறோம். பிள்ளைகள் பார்த்துக் கொண்டுதான் நின்றார்கள். கட்டுரைப் போட்டியில் அவர்கள் எழுதியது ஒன்று. கண்ணால் கற்றது வேறு.

ஆகவே, இந்தப் பாடத்துக்கு மதிப்பெண்ணைவிட ஒரு குழி முக்கியம் என்பது என் கருத்து. 6 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம் போதும். சத்துணவுக் கூடத்தில் நாள்தோறும் காய்கறித் தோலும் முட்டை ஓடும் மிஞ்சுகின்றன. வேப்பமரத்துச் சருகுக்கும் பஞ்சமில்லை. சருகு ஓர் அடுக்கு, பச்சைக் கழிவு ஓர் அடுக்கு, மேலே சாணக் கரைசல். கையில் பிடித்துப் பிழிந்தால் நீர் சொட்டாமல் ஈரம் தெரிய வேண்டும். சில நாள் கழித்து ஓர் இரும்புக் கம்பியைக் குவியலுக்குள் செருகி வைத்து, எடுத்துத் தொடச் சொல்லுங்கள். சூடாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உள்ளே வேலை செய்வதால் எழும் சூடு அது. இதைப் படம் வரைந்து விளக்க என்னால் ஆகாது. அதே குழியில் வாழைப்பழத் தோல் ஒன்றும் பிஸ்கட் உறை ஒன்றும் அடையாளம் வைத்துப் புதைத்து, இரண்டு மாதம் கழித்துத் தோண்டட்டும். தோலைக் காணோம், உறை போட்டபடியே இருக்கும். நன்கு மக்கிய ஒரு டன் எருவில் சுமார் 5 கிலோ தழைச்சத்து உண்டு என்று அப்போது சொன்னால், அந்தப் பிள்ளை மறக்காது.

நீர் மாசுக்குப் பாடம் வேண்டுமானால் நொய்யல் இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் இந்த ஆற்றின் குறுக்கே, பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. அதில் வந்து தேங்கியதோ திருப்பூர்ச் சாயக்கழிவு. அணையால் பயன் பெற வேண்டிய பாசன உழவர்களே வழக்குத் தொடுக்க நேர்ந்தது. கழிவுநீர் துளியும் வெளியேறாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் சாயத்தின் நிறத்தைவிட, அதோடு வந்த உப்பே நிலத்தை அதிகம் கெடுத்தது. உப்பு கண்ணுக்குத் தெரியாது. கிணற்று நீரின் மின் கடத்தும் திறனை அளக்கும் சிறு கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். அளவு 3 டெசிசீமனைத் தாண்டினால் பல பயிர்களில் விளைச்சல் குன்றும். தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் அல்ல என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

சாயப்பட்டறையைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1990களில், நான் பணியில் சேர்ந்த புதிதில், பருத்தியில் காய்ப்புழுவுக்கு மருந்தடிக்கும் செயல்விளக்கம் நடத்தினேன். முடிந்ததும் தெளிப்பானை வாய்க்காலில் கழுவினேன். வேடிக்கை பார்த்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன், "ஏனுங்க சார், எங்க எருமை இங்கதான தண்ணி குடிக்கும்?" என்று கேட்டான். அவனுடைய தாத்தா, "பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது?" என்று அதட்டினார். நானும் பேசாமல் நின்றேன். அவனுக்குத் தெரிந்திருந்தது எனக்கும் தெரியும். நான் அதைப் பாடமாகத்தான் படித்திருந்தேன். இப்போது பயிற்சிகளில், காலி மருந்து டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவில் துளையிட்டு மறுபடி பயன்படாதபடி செய்யச் சொல்கிறோம். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் ஒருபோதும் விடக்கூடாது. மருந்து டப்பாக்களைத் தொடாதே என்பதே அவர்களுக்குப் போதும்.

மாணவன் திருந்தினால் வீடு திருந்தும் என்று மேடைகளில் பேசுகிறோம். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. பள்ளியில் பிரித்துப் போட்ட குப்பையை ஊர்க்கோடியில் ஒன்றாகக் கொட்டிக் கொளுத்தினால் எந்தப் பிள்ளை நம்பும்? நீலகிரியில் 2022ஆம் ஆண்டு, மது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. காட்டில் எறியப்பட்ட பாட்டில்கள் கடைக்குத் திரும்பத் தொடங்கின. பெரியவர்களுக்கு இத்தகைய ஏற்பாடும் வேண்டும். ஊராட்சி மன்றங்கள் யோசிக்கலாம்.

பருவமழைக்கு முன் குழி வெட்டிவிடுவது நல்லது. மேட்டுப்பாங்கான, நிழலான இடமாக, குடிநீர்க் குழாயிலிருந்து தள்ளி இருக்கட்டும். சிறு பிள்ளைகள் விழாதபடி சுற்றிலும் முள்வேலி வேண்டும். சாணம் கேட்டு உங்கள் கட்டுத்தறிக்குப் பிள்ளைகள் வருவார்கள். முதல் தடவைக்கு இரண்டு கூடை போதும், கொடுத்தனுப்புங்கள்.