லட்சுமிக்கு ஒரு சமாதி

"ரிட்டயர் ஆன வயசுல நாய் எதுக்குப்பா? கோயில் குளம்னு போக வேண்டியதுதானே" என்று அலுத்துக்கொள்ளும் பிள்ளைகளை ஒருமுறை திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். லட்சுமி என்ற பசு, வள்ளி என்ற மான், ஜாக்கி என்ற நாய், கூடவே ஒரு காகம். நாலுக்கும் அங்கே சமாதி உண்டு. 1948 ஜூன் 18 அன்று லட்சுமியின் கடைசி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுத்த ரமணருக்கு அப்போது வயது 68. வீட்டைத் துறந்து 1896-ல் இந்த ஊருக்கு வந்தவர். அணில்களுக்குக் கையால் முந்திரி கொடுத்தார், விடியுமுன் அடுக்களையில் காய் நறுக்கினார். துறவிக்கே இவ்வளவு வேண்டியிருந்தது. பென்ஷன்காரனுக்கு ரெண்டு செம்பருத்தித் தொட்டியும் ஒரு நாட்டு நாயும் அதிகமா?

கோயில் குளம்னு பயணமா? இங்கே வந்தபின் ரமணர் திருவண்ணாமலையை விட்டு எங்கும் போகவில்லை, மலையைத்தான் சுற்றினார். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி நெரிசல் இளவட்டங்களுக்கு. நமக்குச் சாதாரண நாளின் விடிகாலைதான் சரி. அடி அண்ணாமலை வருவதற்குள் என் முட்டி முனக ஆரம்பித்துவிடும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பன்னைப் பிய்த்தால் போதும், நாலு நாய்கள் வந்து காலடியில் படுத்துக்கொள்ளும்.