ஒரே சட்டம், எல்லை தாண்டினால் வேறு அபராதம்

ஓசூரில் ஹெல்மெட் இல்லாமல் பைக் ஓட்டிப் பிடிபட்டால் அபராதம் 1,000 ரூபாய். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் பிடிபட்டால், கர்நாடகம் 2019-ல் நிர்ணயித்த கணக்குப்படி 500 ரூபாய்தான். கோவையிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக்குள் போனாலும் அதே 500. மாநில வாரியாக அபராதத் தொகையை ஒப்பிடும் பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் சுற்றும்போதெல்லாம் ஒரே கேள்வி எழுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றுதானே, பிறகு தொகை மட்டும் எப்படி மாறுகிறது?

ஓசூர் எல்லையின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் விடை தெளிவாகும். 1988-ம் ஆண்டுச் சட்டத்துக்கு நாடாளுமன்றம் 2019-ல் கொண்டுவந்த திருத்தத்தின் அபராதப் பிரிவுகள் அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் அணியாததற்கு 1,000 ரூபாய் என்றானது. கர்நாடகம் அதை உடனே வசூலிக்கத் தொடங்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் 500 ஆகக் குறைத்தது. தமிழ்நாடோ 2022 அக்டோபரில்தான் புதிய தொகைகளை அரசாணையாக வெளியிட்டது. அதுவரை இங்கே பழைய 100 ரூபாய்தான். அதாவது, மூன்று ஆண்டுகள் அத்திப்பள்ளி ஓசூரைவிட ஐந்து மடங்கு கடுமையாக இருந்தது. அதன்பிறகு ஓசூர் அத்திப்பள்ளியைவிட இரண்டு மடங்கு கடுமையானது. இத்தனை மாற்றத்துக்கும் நடுவில் நாடாளுமன்றச் சட்டத்தில் இருந்த தொகை மாறவே இல்லை.

மாறியது இணக்கக் கட்டணம். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாமல், குறிப்பிட்ட தொகையைக் கட்டி அங்கேயே முடித்துக்கொள்ளச் சட்டத்தின் 200-வது பிரிவு வழி செய்கிறது. நாம் ஸ்பாட் ஃபைன் என்று சொல்வது இதைத்தான். எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு என்று அறிவிக்கும் அதிகாரத்தை அந்தப் பிரிவு மாநில அரசுக்குக் கொடுத்திருக்கிறது. மோட்டார் வாகனங்கள் அரசமைப்பின் பொதுப்பட்டியலில் இருக்கும் விஷயம் என்பதால், மாநிலத்துக்கு இதில் இடம் இருப்பது இயல்பே. குஜராத் 2019 செப்டம்பரிலேயே ஹெல்மெட், சீட் பெல்ட் இரண்டுக்கும் 500 என்றது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் சட்டப்படி 5,000. அதையும் இருசக்கர வாகனத்துக்கு 2,000 ஆகக் குறைத்தது. மேற்கு வங்கம் புதிய தொகைகளை ஏற்கவே அப்போது மறுத்துவிட்டது.

மாநிலங்கள் இப்படித் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. சட்டம் வந்த முதல் சில நாட்களிலேயே குருகிராமில் ஸ்கூட்டரில் வந்த ஒருவருக்குப் பல குற்றங்களைச் சேர்த்து 23,000 ரூபாய் சலான் எழுதப்பட்டது. புவனேசுவரத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநருக்கு 47,500 ரூபாய். அன்றாடம் ஓட்டிப் பிழைப்பவருக்கு இது எத்தனை மாத வருமானம் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆனாலும் மத்திய அரசு இந்தக் குறைப்பை ஏற்கவில்லை. சட்டம் நிர்ணயித்திருக்கும் குறைந்தபட்சத்துக்குக் கீழே மாநிலங்கள் இறங்க முடியாது என்று அட்டர்னி ஜெனரலின் கருத்தை மேற்கோள் காட்டி 2020 ஜனவரியில் மாநிலங்களுக்கு எழுதியது. அதற்குப் பிறகும் கர்நாடகத்திலும் கேரளத்திலும் 500 ரூபாய் வசூல் தொடர்ந்தது. மேலே ஏற்றுவதற்கோ சட்டத்திலேயே வழி இருக்கிறது. 210ஏ பிரிவின்படி மாநிலம் அபராதத்தைப் பத்து மடங்கு வரை உயர்த்தலாம்.

பட்டியல்களைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. எல்லா வரிகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. குடித்துவிட்டு ஓட்டுவது 200-வது பிரிவின் கீழ் வராது. அந்த வழக்கு நீதிமன்றத்துக்குத்தான் போகும். முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே என்பது எல்லா மாநிலத்துக்கும் பொது. சிவப்பு விளக்கைத் தாண்டுவதில் குழப்பம் வேறு மாதிரி. அதைப் பொதுவான விதிமீறலாக 177-வது பிரிவில் எழுதினால் முதல் முறைக்கு 500-க்கு மேல் போகாது. ஆபத்தான முறையில் ஓட்டியதாக 184-ல் எழுதினால் 1,000 முதல் 5,000 வரை. அதனால் பட்டியலில் தெரியும் வேறுபாடு பல நேரம் மாநிலத்தின் கடுமையைக் காட்டுவதில்லை. எந்தப் பிரிவில் வழக்கு எழுதும் பழக்கம் அங்கே இருக்கிறது என்பதையே காட்டுகிறது.

பட்டியலில் வரவே வராத தண்டனை ஒன்றும் இருக்கிறது. ஹெல்மெட் அணியாததற்கான 194டி பிரிவு 1,000 ரூபாயோடு நிற்கவில்லை. மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பையும் சேர்த்தே சொல்கிறது. 2022-ல் ஹெல்மெட் இல்லாமல் போய் விபத்தில் இறந்தவர்கள் நாடு முழுவதும் 50,029 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. இந்த எண்ணை வைத்துப் பார்த்தால், 500-ஆ 1,000-ஆ என்ற விவாதத்தில் நாம் செலவழிக்கும் நேரம் அதிகம். லைசென்ஸ் பறிபோகுமா என்ற கேள்வியை நாம் கேட்பதே அரிது.

தொகையைவிட எனக்குப் பெரிய கவலை தருவது தள்ளுபடி. தெலங்கானா 2022-ல் நிலுவைச் சலான்களுக்கு இருசக்கர வாகனங்களுக்கு 75 சதவீதம் தள்ளுபடி கொடுத்தது. 2023 டிசம்பரில் மறுபடியும் 80 சதவீதம். கர்நாடகம் 2023 பிப்ரவரியில் பாதியைக் கழித்தது. நிலுவை குவிந்து கிடக்கும் அரசுக்கு இதனால் பணம் வரும் என்பது உண்மைதான். ஆனால் 80 சதவீதத் தள்ளுபடியில், சலான் வந்த அன்றே 100 ரூபாய் கட்டியவரின் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு 20 ரூபாயில் முடித்துக்கொள்கிறார். அடுத்த சலான் வந்தால் முதலாமவரும் காத்திருக்கத்தான் செய்வார். குறைந்த தொகையைத் தவறாமல் வசூலிக்கும் மாநிலம், பெரிய தொகையை எழுதிவிட்டுத் தள்ளுபடி செய்யும் மாநிலத்தைவிட விதியை மதிக்க வைக்கும் என்பதே என் கருத்து.

வெளிமாநிலம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியின் நம்பர் பிளேட் எந்த மாநிலத்தது என்பது இங்கே கணக்கில் வராது. குற்றம் நடந்த இடத்தின் தொகைதான் பொருந்தும். பெங்களூரு கேமரா எழுதிய இ-சலானை ஊர் திரும்பியபின் மறந்துவிட்டாலும் அது பரிவாகன் தளத்தில் அப்படியே இருக்கும். வண்டியை விற்றுப் பெயர் மாற்றப் போகும்போது தலைகாட்டும். கட்டுவதற்கு முன் சலானில் உள்ள பிரிவு எண், இடம், தேதி, படம் நான்கையும் பாருங்கள். வண்டி உங்களுடையதல்ல என்றாலோ, பிரிவு பொருந்தவில்லை என்றாலோ, இணக்கக் கட்டணம் கட்டாமல் நீதிமன்றத்தில் மறுத்து வாதாட உங்களுக்கு உரிமை உண்டு. அங்கே குற்றம் நிரூபணமானால் மாநிலம் குறைத்த 500 பொருந்தாது. சட்டத்தில் எழுதியிருக்கும் 1,000-தான் அளவுகோல்.