பள்ளிக்கரணையில் ஆக்கிரமிப்பாளர் யார்?

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 2 வந்தால் உலக ஈரநில நாள் கொண்டாடுகிறோம். கல்லூரிகளில் ஓவியப் போட்டி, பள்ளிக்கரணைச் சாலையோரம் பைனாகுலரோடு ஒரு நடை, பூநாரைப் படம் போட்ட பதாகைக்குக் கீழே ஒரு கூட்டம். நம் மாணவத் தோழர்கள் பலரும் இப்போது இவற்றுக்குப் போகிறார்கள். போகத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சதுப்பு நிலத்துக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் அடுக்கடுக்காய் நிற்கும் எட்டு மாடிக் குடியிருப்புகளில் யார் வாழ்கிறார்கள், எப்படி அங்கே வந்தார்கள் என்ற பேச்சு இந்தக் கூட்டங்களில் எழுவது அபூர்வம்.

மறுபக்கம், நம் அமைப்புகளுக்குள்ளேயே ஒரு குரல் கேட்கிறது. "பறவைக்காகப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நமக்கு வீடு, வேலை, வன்கொடுமை வழக்கு என்று ஆயிரம் வேலை இருக்கிறது. நாரையும் கொக்கும் நமக்கெதற்கு?" இந்தக் கோபத்தின் நியாயம் நமக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த முடிவை நாம் ஏற்கவில்லை. சதுப்பு நிலத்தைக் காப்பது நம் பிரச்சினைதான். பறவைகளின் மேல் உள்ள பிரியத்தால் மட்டும் இதைச் சொல்லவில்லை. சதுப்பு அழிந்தால் முதலில் மூழ்குவது யார் வீடு என்று பார்த்துத்தான் சொல்கிறோம்.

பள்ளிக்கரணையின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தென்சென்னையின் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்கிற மழை, ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து, கடைசியில் இந்தப் பள்ளத்துக்குத்தான் வருகிறது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கும், பிறகு முட்டுக்காடு, கோவளம் பக்கமாகக் கடலுக்கும் போகிறது. மழைக்காலத்தில் நீரை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடுகிற ஒரு பெரிய பஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை நூற்றாண்டுக்கு முன் இது 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாகச் சொல்கிறார்கள். 2007 இல் காப்புக் காடாக அறிவிக்க முன்வந்தபோது முதலில் கிடைத்தது 317 ஹெக்டேர். பிறகு அது ஏறக்குறைய 694 ஹெக்டேர் ஆனது. 2022 இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தபோது 1,248 ஹெக்டேரைக் கணக்கில் காட்டினார்கள்.

மீதி எங்கே போனது? பழைய மகாபலிபுரம் சாலையின் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் அங்கே இருக்கின்றன. பறக்கும் ரயில் தடமும் நிலையங்களும் அங்கே இருக்கின்றன. துரைப்பாக்கம் - பல்லாவரம் சாலை சதுப்பை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும், காற்றாலை ஆராய்ச்சி நிறுவனமும் அங்கேதான் வளாகம் கட்டிக்கொண்டன. (இயற்கை ஆற்றலை ஆராய்கிறவர்களுக்கும் சதுப்பு நிலம் 'சும்மா கிடக்கிற இடமாக'த்தான் தெரிந்திருக்கிறது.) 1980களிலிருந்து சென்னை மாநகரத்தின் குப்பை பெருங்குடியில் அதே சதுப்பின் மேல் மலையாகக் குவிந்தது. 2022 ஏப்ரலில் அந்த மலை தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. புகை யார் நுரையீரலுக்குள் போனது, அந்தக் குப்பையில் வெறுங்கையால் இரும்பும் பிளாஸ்டிக்கும் பொறுக்கிப் பிழைத்தவர்கள் யார் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவர்களில் யாரையும் அரசு ஆவணம் 'ஆக்கிரமிப்பாளர்' என்று அழைத்ததில்லை. அந்தப் பட்டம் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஓரங்களில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களுக்கே கிடைத்தது.

ஆற்றோரத்தில் ஏன் குடிசை போட்டார்கள்? கிராமத்தில் பள்ளமான பக்கம்தான் சேரி. ஊரின் கழிவும் ஏரியின் உபரியும் வடிகிற பக்கம் அது. நகரத்துக்கு வந்தாலும் அதே விதிதான். யாரும் விலை கேட்காத, வெள்ளம் வருகிற, நாறுகிற நிலத்தில்தான் பட்டியல் சாதி மக்களுக்கு இடம் கிடைத்தது. பட்டா கேட்டால் "இது நீர்நிலைப் புறம்போக்கு" என்றார்கள். மின்சாரத்துக்கும் குடும்ப அட்டைக்கும் வாக்குக்கும் புறம்போக்கு தடையாக இருந்ததில்லை. பட்டாவுக்கு மட்டும் தடையாக இருந்தது. 'புறம்போக்கு' என்ற வருவாய்த்துறைச் சொல் எப்படி வசைச்சொல்லாக மாறியது என்று எண்ணூர் பற்றிய ஒரு பாடல் வந்தபோது பலரும் வியந்து பேசினார்கள். சேரிப் பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டு வளர்ந்தவர்கள், அவர்களுக்கு அதில் வியப்பில்லை.

பிறகு 'நதிச் சீரமைப்பு' வந்தது. 2015 வெள்ளத்துக்குப் பின் அது வேகம் பிடித்தது. ஆற்றங்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை லாரியில் ஏற்றி நகரத்துக்கு வெளியே கொண்டுபோனார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவாண்டில் படிப்பு அறுந்தது. வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் பேருந்துப் பயணம் சேர்ந்தது. பலர் வேலையையே விட்டார்கள். 2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாயோர வீடுகளை நீதிமன்ற உத்தரவின்பேரில் இடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் தீக்குளித்து உயிர்விட்டார்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஆற்றைக் காப்பதற்காக அப்புறப்படுத்திய மக்களை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகர் ஒக்கியம் மடுவை ஒட்டி இருக்கிறது. செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பின் நீர் பரவுகிற தாழ்நிலத்தில் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்தால் 40,000 வீடுகளுக்கு மேல் வரும். ஒரு நீர்நிலையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, அங்கிருந்து எடுத்த மக்களை இன்னொரு நீர்நிலையில் அரசே குடிவைத்தது. வெள்ள அபாயத்திலிருந்து மீட்கிறோம் என்று சொல்லி வெள்ளம் வருகிற இடத்திலேயே இறக்கிவிட்டது. 2015 இலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் அங்கே தரைத்தளத்தில் நின்ற தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை வந்தால் மின்சாரம் போகும், லிப்ட் நிற்கும், எட்டாவது மாடி முதியவர் குடிநீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறுவார்.

இந்த நகரத்துக்கு ஏரியைத் தூர்த்துக் குடியேறுவது புதிதும் அல்ல. தியாகராய நகர் 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்து உருவானது. வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் நிற்கிறது. பக்கத்துத் தெருக்களுக்கு இன்றும் 'லேக் ஏரியா' என்றுதான் பெயர். அங்கே ஒரு கிரவுண்டின் விலையைக் கேட்டுப் பாருங்கள். தியாகராய நகரை இடிக்க வேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. ஒரே செயலைச் சிலர் செய்தால் நகர விரிவாக்கம், வேறு சிலர் செய்தால் ஆக்கிரமிப்பு என்று பெயர் மாறுகிறதே, அந்தப் பெயர் மாற்றத்துக்குள் சாதி இருக்கிறது என்கிறோம். 2007 ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் எல்லாருக்கும் பொதுவானதுதான். ஆனால் பொக்லைன் எந்தத் தெருவுக்குள் முதலில் நுழைகிறது என்பதைச் சட்டப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது.

சூழலியலாளர்கள் சிலர் உடனே ஒரு பதிலைச் சொல்வார்கள்: "அந்தக் காலத்தில் நம் முன்னோர் ஏரிகளைக் குடிமராமத்து செய்து காத்தார்கள், அந்த மரபுக்குத் திரும்புவோம்." இங்கே நாம் கொஞ்சம் நிறுத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. தமிழகத்தின் பல ஊர்களில் மடை திறந்து, கரை காவல் காத்து, வயலுக்கு வயல் நீர் பங்கிட்ட நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தலித்துகள். அடைமழையின் நடுராத்திரியில் கரை உடையாமல் காத்தவர்களுக்குக் கூலியாகக் கிடைத்தது சில மரக்கால் நெல். அந்த ஏரி நீர் பாய்கிற நிலத்தில் அவர்களுக்குப் பங்கு இல்லை. ஊர்க் கிணற்றில் குடிக்கவும் உரிமை இல்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாடில் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தாரே, அது ஒரு நீர்நிலை யாருக்குப் பொது என்ற கேள்விக்கான போராட்டம்தான். பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்பதை முடிவு செய்யும் 'பாடு' முறையை அயல்நாட்டு ஆய்வாளர்கள்கூடச் சமூக மேலாண்மைக்கு எடுத்துக்காட்டாகப் பாராட்டியிருக்கிறார்கள். அந்த முறைக்குள் நுழையச் சாதிதான் அனுமதிச் சீட்டு. மரபுக்குத் திரும்பச் சொல்கிறவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்துப் படித்துவிட்டு வரட்டும். அந்த அறிவு நம் முன்னோருடையது, அதன்மேல் நமக்கு உரிமை உண்டு. அந்த அடிமைத்தனத்துக்கு மட்டும் யாரும் நம்மைத் திரும்பக் கூப்பிட வேண்டாம்.

மக்களை விரட்டினால் இயற்கை பிழைக்கும் என்ற நம்பிக்கையும் பொய்த்துப் போயிருக்கிறது. ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் 1982 இல் எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். எதிர்த்த கிராம மக்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் இறந்தார்கள். பிறகு என்ன ஆனது? எருமைகள் தின்றுகொண்டிருந்த புல் மண்டி நீர்ப்பரப்பை மூடியது, பறவைகளுக்குத்தான் கேடு வந்தது. மேய்ச்சல் அந்த ஈரநிலத்துக்கு நன்மையே செய்தது என்று பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பத்தாண்டு ஆய்வுக்குப் பின் சொன்னது. செத்தவர்கள் திரும்பி வரவில்லை. இதற்கு நேர்மாறாக நம் பக்கத்தில் ஒன்று உண்டு. 1972 வனவிலங்குச் சட்டத்தால் பாம்பு பிடிக்கும் தொழிலை இழந்த இருளர்கள், 1978 இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்துக் கொடுத்து, விஷமுறிவு மருந்துக்கு ஆதாரமானார்கள். வாய்ப்புக் கொடுத்தால் காட்டுயிரைக் காக்கிற வேலையை யார் நன்றாகச் செய்வார்கள் என்பதற்கு வடநெம்மேலி போதும்.

ராம்சார் ஒப்பந்தம்கூட ஈரநிலத்திலிருந்து மக்களை அப்புறப்படுத்தச் சொல்லவில்லை. 1971 இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் மையக் கருத்தே 'அறிவார்ந்த பயன்பாடு'. இந்தியாவின் 2017 ஈரநில விதிகளில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே அவை விலக்கிவிட்டன. தமிழ்நாட்டின் ஏரிகளில் மிகப் பெரும்பாலானவை பாசன ஏரிகள். பள்ளிக்கரணைக்கு நீர் தருகிற ஏரிகளுக்கும் இதே கதிதான். கீழே இருக்கிற சதுப்புக்கு உலகப் பட்டம், மேலே இருக்கிற ஏரிகளுக்கு ஈரநிலம் என்ற பெயர்கூட இல்லை.

2025 இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல் ஆய்வு முடியும்வரை ராம்சார் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டுமானத்துக்குத் திட்ட அனுமதி தரக் கூடாது என்றது. நாம் அதை வரவேற்கிறோம். கூடவே ஓர் அச்சமும் இருக்கிறது. எல்லை வரைகிற வேலை தொடங்கினால் பெரிய கட்டுமான நிறுவனங்களுக்கு மூத்த வழக்கறிஞர்கள் இருப்பார்கள். நடுத்தர வர்க்கக் குடியிருப்போர் சங்கங்கள் மனுப் போடும். பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் யார் போவார்கள்? சதுப்பை மீட்கிறோம் என்று நாளை அவர்களை மறுபடியும் லாரியில் ஏற்ற மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

அவர்கள் தாமாக அங்கே குடியேறியவர்கள் அல்ல, அரசு கொண்டுவந்து வைத்தவர்கள். ஆகவே அங்கிருந்து அவர்களை நகர்த்தக் கூடாது. ஒக்கியம் மடுவை அகலப்படுத்தி அடைப்புகளை நீக்குவது, வடிகாலைச் சரிசெய்வது, தரைத்தள வீடுகளுக்கு அதே வளாகத்தில் மாற்று ஏற்பாடு செய்வது எல்லாம் அரசின் கடன். இதைவிட எளிதான வேலைகள் முதலில் முடியட்டும்: பெருங்குடிக் குப்பைமேட்டை அகழ்ந்து முழு நிலத்தையும் சதுப்புக்குத் திருப்பித் தரட்டும், அந்த வேலையில் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் நிரந்தர ஊதியமும் கிடைக்கட்டும். அரசு நிறுவனங்கள் தங்கள் வளாகங்களுக்குள் முடக்கி வைத்திருக்கும் காலி நிலத்தை விடுவிக்கட்டும். சதுப்பின் மேலாண்மைத் திட்டத்தை எழுதுகிற அறையில் பெரும்பாக்கத்துப் பெண்களும் உட்காரட்டும். மழையில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எத்தனை மணி நேரத்தில் ஏறுகிறது என்று அவர்களிடம் இருக்கிற கணக்கு எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் இல்லை.

அடுத்த பிப்ரவரி 2 கூட்டத்தை நம் தோழர்கள் கல்லூரி அரங்கில் வைக்காமல் பெரும்பாக்கம் குடியிருப்பு வளாகத்தில் வைக்கலாம். காலையில் அங்கேயுள்ள பிள்ளைகளோடு சதுப்புக்குப் போய் கூழைக்கடாவையும் நீலத் தாழைக்கோழியையும் பார்க்கலாம். மாலையில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று மனுக்கள் எழுதலாம்: ராம்சார் எல்லை வரைபடத்தில் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளை எப்படிக் குறித்திருக்கிறார்கள்? மேலாண்மைத் திட்டக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடியினர் எத்தனை பேர்? கடந்த பத்தாண்டில் சதுப்பைச் சுற்றி யார் யாருக்குக் கட்டட அனுமதி கொடுத்தார்கள்? மனு எழுதத் தெரிந்த தோழர்கள் ஒவ்வொரு பிளாக்கிலும் இரண்டு பேருக்காவது அதைக் கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள்.