பீங்கானுக்கு மேல் எதற்கு ஒரு பை?

கோமாரியில், அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குப் போகும் வீதியோரம் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். எட்டு மேசை. காலையில் இடியப்பம், பகலில் சோறும் கறியும், அந்தியில் ரொட்டி. கடை தொடங்கியபோது இந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். பீங்கானில் ஒரு லன்ச் ஷீட்டை விரித்து அதன் மேல் சோற்றைப் போடுவது. சாப்பிட்டவர் எழும்பியதும் ஷீட்டைச் சுருட்டி வாளிக்குள் எறிந்தால் வேலை முடிந்தது, பீங்கான் நனைவதே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அதை நிறுத்தினேன்.

நிறுத்திய முதல் நாளே ஒரு சங்கடம். கரைவலைக்குப் போய்விட்டு வரும் பெரியவர் ஒருவர், கோமாரித் தமிழர், கடை திறந்த நாளிலிருந்து வருகிறவர். வெறும் பீங்கானில் சோறு வந்ததைப் பார்த்துவிட்டு, “பை போடல்லையா புள்ள?” என்று கேட்டார். “கழுவின பீங்கான்தான் அண்ணன்” என்றேன். அவர் கை சோற்றுக்குப் போகவில்லை. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில், “இதுல முந்தி என்ன கறி போட்டீங்க?” என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் மாட்டிறைச்சி தின்னாதவர். என் கடையில் வெள்ளியும் ஞாயிறும் மாட்டிறைச்சிக் கறி உண்டு. இத்தனை வருடமும் அவர் சாப்பிட்டது அந்த மெல்லிய பையில்தான், என் பீங்கானில் அவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசாத ஒன்றை அந்தப் பை மூடி வைத்திருந்தது. அவர் கேட்டதில் எனக்குக் கோபமில்லை. நானாக முன்பே சொல்லாமல் விட்டதுதான் இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

அன்று பின்னேரம் இருந்த பீங்கானையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தெரிவு செய்ய உட்கார்ந்தேன். முதலில் மெலமைன் பார்த்தேன். விழுந்தால் உடையாது, விலையும் குறைவு. அதனால்தான் எல்லாக் கடையிலும் இருக்கிறது. ஆனால் கரண்டியும் நாரும் பட்டுப்பட்டு அதில் கீறல் விழும், கீறலுக்குள் மஞ்சள் ஏறினால் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கொதிக்கக் கொதிக்கப் புளியாணம் ஊற்றினால் மெலமைனும் போமல்டிஹைட்டும் கொஞ்சங்கொஞ்சமாகச் சாப்பாட்டுக்குள் இறங்கும். நம் மீன் ஆணமே சூடும் புளிப்பும்தான். மெலமைனை விட்டுவிட்டேன்.

கடைசியில் வாங்கியது வெள்ளைப் போர்சலின். மாத்தளையிலும் தங்கொட்டுவையிலும் வெளிநாட்டுக்கு அனுப்பச் செய்வதில் சின்னப் பழுதுள்ளவை மலிவாகக் கிடைக்கும். வாங்கும்போது பீங்கானைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மினுக்கம் பூசாத வளையம் ஒன்று இருக்கும். அதில் ஒரு சொட்டுப் பிளேன்டீயை விட்டுத் துடைத்தால், நன்றாகச் சுட்டதில் கறை நிற்காது. கறை இறங்கினால் அது நாளைக்கு ஆணத்தையும் எண்ணெயையும் குடிக்கும், எத்தனை தரம் கழுவினாலும் நாறும். பிறகு விரல் நுனியில் தூக்கி நகத்தால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். சத்தம் செத்துப்போய்க் கேட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறது.

விளிம்பும் முக்கியம். அறுகம்பையில் இப்போது தட்டையான பெரிய பிளேட்டுகள்தான் அழகு என்கிறார்கள். கரண்டியால் சாப்பிடுகிறவருக்கு அது சரி. கையால் பிசைந்து சாப்பிடுகிறவருக்குச் சோற்றை அணைத்து எடுக்க ஒரு கரை வேண்டும், இல்லாவிட்டால் பாலாணம் மேசைக்கு ஓடிவிடும். பத்து அங்குலம், விரல் மொத்தத்துக்கு எழும்பிய கரை, அவ்வளவு போதும். மீனுக்கும் மரக்கறிக்கும் நீலக்கோடு போட்டது ஐந்து டசின், மாட்டிறைச்சிக்கு மண்ணிறக் கோடு போட்டது இரண்டு டசின். இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி, தனித்தனி நார், தனித்தனி ராக்கை. எது எதற்கு என்று சுவரில் எழுதியிருக்கிறேன்.

லன்ச் ஷீட்டுக்கு என்ன குறை என்று கேட்பவர்களுக்குக் கொழும்பையும் காட்டலாம், நம் மாவட்டத்தையும் காட்டலாம். 2017 ஏப்ரலில் கொழும்புக்குப் பக்கத்தில் மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த வருடம் செப்டம்பர் 1 முதல் பொலித்தீன் லன்ச் ஷீட்டுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் தடை வந்தது. பிறகு உக்கும் என்று எழுதிய ஷீட் கடைக்கு வந்தது, பழக்கம் அப்படியே இருந்தது. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருதரம் பாவித்து எறியும் பிளாஸ்டிக் பிளேட், கரண்டி, இடியப்பத் தட்டு எல்லாம் தடை. இதற்கு நடுவில், அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் தின்று எட்டு வருடத்தில் ஏறத்தாழ 20 யானைகள் செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. வெட்டிப் பார்த்தபோது வயிற்றுக்குள் பொலித்தீனும் சாப்பாடு சுற்றிய உறைகளும் இருந்தன. யானையை இழுப்பது அதில் ஒட்டியிருக்கும் உப்பும் சோறும். என் ஒரு கடையிலிருந்து மட்டும் நாளுக்கு நூற்றைம்பது ஷீட் அப்படி ஆணத்தோடு போனது. அந்தச் செய்தியை வாசித்தும் நான் உடனே நிறுத்தவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

தண்ணீருக்கு எங்கே போவது என்று சக கடைக்காரர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இருக்கிறோம். ஆவணி வந்தால் என் கிணறு உவர்த்துவிடும், பவுசர் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறேன். எச்சிலை முதலிலேயே வழித்து எடுத்துவிட்டால் தண்ணீர் பாதியாகக் குறையும். ஒரு தொட்டியில் சவர்க்காரம், அடுத்ததில் அலசல், மூன்றாவதில் கொதிக்க வைத்த தண்ணீர். 77 பாகைச் சூட்டில் அரை நிமிடம் கிடந்தால் போதும், எடுத்து ராக்கையில் நிறுத்தினால் தானாகக் காயும். துணியால் துடைக்கவே கூடாது, ஒரே துணி எல்லா அழுக்கையும் எல்லாப் பீங்கானுக்கும் பங்கு வைக்கும். ஷீட்டுக்குக் கொடுத்த காசு இப்போது தண்ணீருக்கும் கழுவுகிற பிள்ளையின் சம்பளத்துக்கும் போகிறது. லாபம் கூடவில்லை. கூடியது என்று பொய் சொல்ல மாட்டேன்.

எங்கள் கல்யாண வீடுகளில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம். சஹன் என்ற அரபுச் சொல்லுக்குப் பொருளே தட்டு. உம்மாவிடம் நாலு சஹன் இருந்தன. 2004 டிசம்பர் 26 கடல் அவற்றைக் கொண்டுபோனது, ஒன்று மட்டும் நெளிந்துபோய்க் கண்ணாப் பற்றைக்குள் கிடந்தது. முகாமில் மாதக்கணக்காகப் பார்சல் சோறுதான். பைக்குள் சாப்பிடுவது எனக்கு அங்கேதான் பழகியது. ஆறு கை ஒரு தட்டுக்குள் போன வீட்டில் பிறந்தவள், கழுவிய பீங்கானை நம்பாத கடை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெரியவர் அன்றைக்குச் சாப்பிடாமல்தான் போனார். இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வந்தபோது பின்னால் கூட்டிப்போய்த் தொட்டிகளைக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. ராக்கையிலிருந்து நீலக்கோட்டுப் பீங்கான் ஒன்றை அவரே எடுத்து, கவிழ்த்துப் பார்த்து, மேசைக்குக் கொண்டுபோனார். இப்போதும் அப்படித்தான் செய்கிறார்.

உள்ளூராட்சி சபைகள் வருடாவருடம் சாப்பாட்டுக் கடைக்கு உரிமம் கொடுக்கின்றன. கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் அந்த உரிமத்துக்கு மூன்று தொட்டியை நிபந்தனை ஆக்குங்கள், கோடையில் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பவுசர் தண்ணீரைக் குறைந்த விலையில் கொடுங்கள். கழுவும் இடத்தைச் சாப்பிட வருகிறவர் பார்க்கும்படி வைக்கச் சொல்லுங்கள். என் கடையில் காலை ஆறு மணியிலிருந்து பின்கதவு திறந்திருக்கும். யாரும் வந்து பார்க்கலாம்.