ஆம்னி இன்ஜின் வேணாம் சார்!

போன வாரம் எலும்புக்கூடா நின்னுட்டிருந்த நம்ம ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இந்த வாரமும் எலும்புக்கூடுதான் ஃப்ரெண்ட்ஸ்! ஆனா, ஈரோடு பெருந்துறை ரோட்டுப் பட்டறையில ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்து முடிஞ்சிருக்கு.

புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு ஷார்ட் ரீவைண்ட். 1959-ல இங்கிலாந்துல வந்த ட்ரையம்ப் ஹெரால்டுதான் ஒரிஜினல். டிசைன் பண்ணினவர் இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி. நம்ம ஊர்ல 1961-லேர்ந்து வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இதைத் தயாரிச்சது. இதே சேஸியைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் 1962-ல 'ஸ்பிட்ஃபயர்'ங்கற ஸ்போர்ட்ஸ் காரை ட்ரையம்ப் இறக்குச்சு. ஆக, நம்ம தாத்தா காலத்துக் குடும்பக் காருக்கு, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் சொந்தத் தம்பி!

மெக்கானிக்கல் பசங்களுக்கு இந்த வண்டி ஒரு வரம். சேஸி தனி, பாடி தனி. போல்ட்டைக் கழட்டினா பாகம் பாகமா கையோட வந்துடுது. முழு பாடியையும் ஒரே கூடா அடிச்சுக் கொடுத்துட்டிருந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிடுச்சு. வேற வழியில்லாம துண்டு துண்டா செஞ்சு முடுக்கினாங்க. அன்னிக்கு அவங்களுக்கு வந்த தலைவலி, இன்னிக்கு நமக்கு வசதி!

முன் சக்கரத்துக்கிட்ட 'ட்ரன்னியன்'னு ஒரு ஐட்டம். வெண்கலக் கட்டைக்குள்ள இரும்புத் தண்டு மரையோட இறங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பறப்பல்லாம் அந்த மரையிலதான் திரும்பும். இதுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 கியர் ஆயில்தான் ஊத்தணும்னு கம்பெனி அப்பவே சொல்லியிருக்கு. யார் கேட்டா? கிரீஸ் காய்ஞ்சு, உள்ளே தண்ணி நின்னு, தண்டு அரிச்சு, ஒருநாள் மரைக்கு மேல பட்டுனு ஒடியும். சக்கரம் அப்படியே மடங்கிப் படுத்துடும். நம்ம வண்டியில இடது பக்கத் தண்டு பாதி அரிச்சுப் போயிருந்தது. வெண்கலக் கட்டையைக் கோயமுத்தூர் லேத்துல கடையக் கொடுத்தாச்சு. அந்த ஊர்ல மாதிரியை நீட்டினா போதும், ''எத்தனை பீஸுங்க?''னுதான் முதல் கேள்வியே!

இப்ப பஞ்சாயத்துக்கு வருவோம். ஓனர் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். அவரோட பையன் பெங்களூர்லேர்ந்து போன் பண்ணி, ''பழைய இன்ஜினுக்கு எதுக்குக் காசைக் கொட்டறீங்க? ஆம்னி இன்ஜினை வெச்சு, ஏ.சி-யும் போட்டுடுங்க''ன்னுட்டார். மேஸ்திரி அண்ணன் ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு என்னைப் பார்த்தார். ''ஏங்கண்ணு, இதைத் தூக்கிட்டா அப்பறம் இது எந்த வண்டிங்கற?''

பையன் சொல்றதும் தப்பில்லைங்க. மாத்து இன்ஜின் போட்ட ஹெரால்டு டெய்லி ஆபீஸ் போகும், ஸ்பேருக்கு அலைய வேணாம். ஆனா, 2021-ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்துச்சு. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டியிருக்கணும். சேஸி, பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் எதுவும் பண்ணியிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். நம்பர் பிளேட்ல டி.என்-னுக்குப் பின்னாடி 'வி.ஏ'ன்னு கெத்தா வரும். தினசரி ஓட்ட முடியாது, ராலி, கண்காட்சி மாதிரி விஷயங்களுக்குத்தான். நம்ம வண்டி 1970-ல பதிவானது. வயசு தகுதி ஓ.கே! ஆனா, ஆம்னி இன்ஜின் உள்ளே இறங்கின நிமிஷமே அந்தத் தகுதி காலி.

என் ஓட்டு பழைய 948 சி.சி-க்குத்தான். ஜெட் வேகம் கிடையாது, மேட்டுல மூச்சு வாங்கும். இருக்கட்டுமே! வேகமாப் போகத்தான் வேற ஆயிரம் வண்டி இருக்கே பாஸ்.

வாத்தியார் ரெண்டு நாள் யோசிச்சார். மூணாம் நாள் சாயங்காலம் ஸ்கூட்டர்ல வந்து எறங்கினவர், ''பழசையே போர் பண்ணிடுங்க''ன்னு அட்வான்ஸை நீட்டிட்டார்!

பிளாக் இப்ப போரிங் கடையில. சேஸியில துரு தின்ன நாலு இடத்தை வெட்டி, அதே கனத்துல தகடு வெச்சுப் பத்தவெச்சாச்சு. கதவுல பழைய பட்டியைச் சுரண்டினப்போ, அடியில மூணு கலர் வந்துச்சு. கடைசியா இருந்தது இளம் பச்சை. அதுதான் கம்பெனி கலரான்னு, பட்டறை மொத்தமும் இப்ப ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு நிக்குது!