பல்லைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்ததா?



ஆலையிலும் வயலிலும் பாடுபடுகிற நமது ஜனங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களைக் கொஞ்சம் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பலருக்குக் கடைவாய் காலியாயிருக்கும். கேட்டால், "சொத்தையாச்சு, பிடுங்கியாச்சு" என்பார்கள். ஏதோ வயலில் களை பிடுங்கியது போல! தாடிக்கொம்பிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. வலியோடு பஸ் ஏறித் திண்டுக்கல் போகிறார்கள். பல் இல்லாமல் திரும்பி வருகிறார்கள். இதற்குப் பெயர் வைத்தியமா?

பணமுள்ளவனுக்கும் பல் சொத்தையாகிறது. ஆனால் அவன் பிடுங்கிக்கொள்வதில்லை. அவனுக்கு வேர் சிகிச்சை செய்து, மேலே ஒரு கேப் போட்டு அனுப்புகிறார்கள். அதே பல்லால் அவன் இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் முறுக்குக் கடிக்கிறான்.

இந்தக் கேப் என்பது என்ன? உலக்கையின் முனை பிளக்காமலிருக்க இரும்புப் பூண் போடுகிறோமல்லவா, அதே வேலைதான். பல்லின் மேலே எனாமல் என்ற ஓடு இருக்கிறது. மனித உடம்பிலேயே மிகவும் கெட்டியான பொருள் அதுதான். ஆனால் அது ஒரு தடவை போனால் போனதுதான். முறிந்த எலும்பு கூடும், உடைந்த பல் கூடாது. சொத்தை எனாமலைத் துளைத்து உள்ளே நரம்பிருக்கும் இடம் வரை போய்விட்டால் ராத்திரித் தூக்கம் போகும். அப்போது உள்ளிருக்கும் அழுகலைச் சுத்தம் செய்து அடைப்பதுதான் வேர் சிகிச்சை. அதோடு வலி நிற்கும். நம்மவர்களில் பலர் அங்கேதான் ஏமாந்து போகிறார்கள். வலி நின்றதால் வேலை முடிந்தது என்று நினைத்துத் திரும்பப் போவதில்லை. உள்ளே குடைந்த பல், கூடான பல். கடைவாயில் அரைக்கும் பலத்துக்கு அது என்றைக்காவது ஒருநாள் பிளந்துவிடும். அதைத் தடுக்கத்தான் பல்லைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் சீவி, அச்செடுத்து, அந்த அளவுக்கு உறை செய்து சிமெண்ட் வைத்து ஒட்டுகிறார்கள். உலோகத்தில் செய்யலாம், பீங்கானில் செய்யலாம், இரண்டும் சேர்த்தும் செய்யலாம். கடைவாய்ப் பல்லுக்கு உலோகமே போதும். வெள்ளையாயிருந்தால்தான் உசத்தி என்று யாராவது சொன்னால், பல்லைப் பார்க்கிறாரா, பையைப் பார்க்கிறாரா என்று யோசியுங்கள். சின்னச் சொத்தைக்குக் கேப்பே வேண்டாம், அடைத்தாலே போதும்.

பிடுங்கினால் என்ன நஷ்டம், இன்னும் முப்பது பல் இருக்கிறதே என்று கேட்கிறவர்களும் உண்டு. ஒரு கடைவாய்ப் பல் போனால் பக்கத்துப் பல் அந்தப் பள்ளத்தில் சாய்கிறது. எதிர்ப்பக்கத்துப் பல் தன் இடத்தைவிட்டு இறங்குகிறது. இடுக்கில் சோறு தங்குகிறது, அடுத்த பல்லும் சொத்தையாகிறது. ஐந்தாறு பல் போனவன் கடலையும் மொச்சையும் கீரைத்தண்டும் விட்டுவிட்டுக் கஞ்சிக்கு வந்துவிடுகிறான். கஞ்சி குடித்துவிட்டு எட்டு மணி நேரம் ரிங் பிரேமில் நிற்க வேண்டும், அல்லது வெயிலில் வெங்காயம் பிடுங்க வேண்டும்.

ஸ்பின்னிங்கில் வேலை செய்கிற தோழர்களுக்குத் தெரியும்: டிராவலர் தேய்ந்தால் நிர்வாகம் அன்றைக்கே மாற்றுகிறது. நூல் அறுந்து உற்பத்தி குறைந்துவிடும் என்ற பயம்! அந்த மெஷினை ஓட்டுகிறவனுடைய பல் தேய்ந்தால் கேட்பாரில்லை.

பணக் கணக்கைப் பார்ப்போம். வேர் சிகிச்சையும் கேப்பும் சேர்த்துத் தனியார் டாக்டரிடம் ஆறாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025–26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அப்படியானால் ஒரு பல்லின் விலை பதினெட்டு நாள் உழைப்பு! விவசாயத் தொழிலாளியான ஒரு தாய் பதினெட்டு நாள் கூலியைத் தன் பல்லுக்குச் செலவழிப்பாளா? மாட்டாள். "பிடுங்கிவிடுங்கள் டாக்டர்" என்பாள். அது அவள் அறியாமை என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். வேறு வழி வைத்தார்களா அவளுக்கு?

இங்கிலாந்தில் பஞ்சாலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த பகுதிகளில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் பற்களையெல்லாம் பிடுங்கிப் பொய்ப்பல் செட் மாட்டி அனுப்புவார்கள். அது பெற்றோர் கொடுக்கும் சீர்! பின்னால் புருஷனுக்குப் பல் வைத்தியச் செலவு வராதல்லவா! 1948 ஜூலை 5ந் தேதி தேசிய சுகாதார சேவை வந்தது. பல் வைத்தியம், பல் செட், கண்ணாடி எல்லாம் இலவசம். ஆஸ்பத்திரிகளில் ஜனங்கள் குவிந்தார்கள். அத்தனை காலமும் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

இந்தச் சேவையை உண்டாக்கிய மந்திரி அன்யூரின் பெவன். பதின்மூன்று வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். கம்யூனிஸ்ட் அல்ல, தொழிற்கட்சிக்காரர். 1951இல் கொரிய யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது அவருடைய சொந்த சர்க்காரே மூன்று வருஷத்துக்கு 470 கோடி பவுன் ஆயுதச் செலவுக்குத் திட்டம் போட்டது. அதற்குப் பணம் தேடிய நிதிமந்திரி கெயிட்ஸ்கெல்லின் கை எங்கே போயிற்று தெரியுமா? பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும்! பாதி விலையை ஜனங்கள் கொடுக்க வேண்டும் என்றார். முதல் வருஷத்தில் அதில் மிச்சம் பிடிக்க நினைத்தது 1 கோடியே 30 லட்சம் பவுன். 470 கோடிக்கு முன்னால் இது எந்த மூலைக்கு? பெவன் 1951 ஏப்ரலில் ராஜினாமா செய்து வெளியேறினார். அடுத்த வருஷமே பழமைக் கட்சி சர்க்கார் பல் வைத்தியத்துக்கும் கட்டணம் போட்டது. 2025 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஒரு கேப்புக்கு அரசு சேவையில் கட்டும் கட்டணம் 326 பவுன் 70 பென்ஸ். பல்லில் ஆரம்பித்த வெட்டு அது. சங்கக் கூட்டத்தில் பல்லைப் பற்றிப் பேசினால் "இதெல்லாம் ஒரு கோரிக்கையா?" என்று சிரிக்கிற தோழர்கள் இதை இன்னொரு தரம் படிக்கட்டும்.

பல் டாக்டர்களுக்கு நம் நாட்டில் பஞ்சமா? முந்நூறுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள். தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிகள் மூன்றே மூன்று: 1953இல் தொடங்கிய சென்னைக் கல்லூரி, சிதம்பரம் கல்லூரி, 2023இல் திறந்த புதுக்கோட்டைக் கல்லூரி. லட்சக்கணக்கில் பணம் கட்டிப் படித்து வெளியே வரும் பிள்ளைகளில் பலர் சொற்பச் சம்பளத்துக்குத் தனியார் கிளினிக்கில் வேலை பார்க்கிறார்கள். ஒரு பக்கம் வேலையில்லாத டாக்டர், மறுபக்கம் வைத்தியமில்லாத பல். இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டிய சர்க்கார் பார்த்துக்கொண்டிருக்கிறது. நம் ஊர் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் வைத்தியக் கடவுள் தன்வந்திரிக்கு ஒரு சன்னதியே இருக்கிறது. அமாவாசைக்கு ஜனங்கள் திரளாக வந்து கும்பிடுகிறார்கள், கும்பிடட்டும். ஆனால் பல் டாக்டரை நியமிக்க வேண்டியது பெருமாளல்ல, சுகாதார இலாகா.

ஆலைத் தொழிலாளிக்கு இதில் கூடுதல் உரிமை உண்டு. கோவையில் 1955இல் இ.எஸ்.ஐ. வந்தது. இன்று 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு அது பொருந்தும். 2019 ஜூலை முதல் சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் தொழிலாளியும், மூன்றேகால் ரூபாய் முதலாளியும் கட்டுகிறார்கள். 12,000 ரூபாய் சம்பளமென்றால் மாதம் 480 ரூபாய், வருஷத்துக்கு 5,760 ரூபாய். ஏறக்குறைய ஒரு கேப்பின் விலை! இருபது வருஷம் கட்டியவன் பல்வலியோடு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனால் வலி மாத்திரையோடு திரும்புவது என்ன நியாயம்? காண்டிராக்ட் கூலியென்றும் கேம்ப் கூலியென்றும் கணக்கில் காட்டாமல் வைத்திருக்கிறவர்களுக்கு அந்த மாத்திரையும் கிடையாது.

மலிவாக முடித்துக்கொள்ளலாம் என்று கண்ட இடத்துக்கும் போகக்கூடாது. 2023இல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற 10 பேருக்கு மூளைத் தொற்று வந்து 8 பேர் மாண்டார்கள். கருவிகளும் உப்புநீர் பாட்டிலும் சுத்தமாக இல்லாததுதான் காரணம் என்று 2025இல் வெளிவந்த ஆராய்ச்சி சொல்லிற்று. பல்லுக்குப் போனவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். கிளினிக்குகளைச் சோதிக்கும் பொறுப்பு யாருடையது?

கர்நாடகத்தில் 2014–15இலேயே 'தந்த பாக்ய' என்று ஏழை முதியவர்களுக்கு இலவசப் பல் செட் கொடுக்க ஆரம்பித்தார்கள். கேரளத்தில் 'மந்தஹாசம்' திட்டம் இருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் இரண்டும் பல்லெல்லாம் போன பிறகு வருகிற உதவி. முப்பது வயதில் ஒரு கேப் போட்டால் அறுபதில் செட் தேவைப்படாதே!

ஆகவே நாம் கேட்க வேண்டியது தெளிவானது. ஜில்லா ஆஸ்பத்திரியிலும் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் வேர் சிகிச்சையோடு கேப்பும் இலவசமாகப் போட வேண்டும். அதற்கு உறை செய்கிற லேபும், டெக்னீஷியனும் வேண்டும். திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரியே திறந்தாயிற்று, ஒரு பல் லேபுக்கு இடமில்லாமலா போகும்? இ.எஸ்.ஐ.யில் பல் சிகிச்சை மாத்திரையோடு நிற்கக்கூடாது. நிலக்கோட்டை வட்டாரம் போல் தண்ணீரில் புளோரைடு அதிகமுள்ள இடங்களில் குழந்தைகளின் பல் கறை பிடிப்பதற்கு முன்னால் நல்ல குடிநீர் வர வேண்டும். அடுத்த மாதக் கிளைக் கூட்டத்திலேயே மனுவை எழுதுங்கள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில் அவர் எத்தனை பல் பிடுங்கிக்கொண்டார் என்பதையும் எண்ணில் போடுங்கள். கலெக்டர் கூட்டிப் பார்க்கட்டும்.