கத்திக்கு முன்னும் பின்னும்



கையில் அறுவைச் சிகிச்சை என்றதும் நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி, "டாக்டர் கைராசிக்காரரா?" என்பதே. கேட்டுக்கொள்ளட்டும். ஆயினும், கையைப் பொறுத்தமட்டில் டாக்டரின் பணி பாதியே. மறுபாதி நோயாளிக்கும் வீட்டாருக்கும் உரியது.

இதனை உலகுக்குக் காட்டிய இடங்களுள் ஒன்று நம் வேலூர். சிறுபருவத்தைக் கொல்லிமலையில் கழித்த டாக்டர் பால் பிராண்டு, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மருத்துவம் பயிலுமுன் கட்டட வேலை கற்றவர் அவர். தொழுநோயால் நரம்பு செயலிழந்து, கொக்கிபோல் மடங்கிய விரல்களைச் சீராக்க முற்பட்டார். நன்கு இயங்கும் ஒரு தசையின் நாணை எடுத்து, அவ்விரல்களில் இணைப்பதே அம்முறை. ஆனால் இறுகிப்போன மூட்டில் எத்தகைய நாணை இணைத்தாலும் விரல் அசையாது. ஆகவே கத்தி படுமுன்னரே எண்ணெய் தடவி, நீவி, விரல்களை நீட்டிப் பழக்கினர். அறுவைக்குப்பின் ஏறத்தாழ மூன்று வாரம் மாவுக்கட்டு. அதனைப் பிரித்த பிறகே பெரும் உழைப்புத் தொடங்கிற்று. நேற்றுவரை ஒரு வேலை செய்த தசைக்கு மூளை வேறொரு வேலையைக் கற்பிக்கவேண்டுமே! ஒவ்வொரு நாளும் பயிற்சி. பல வாரப் பொறுமை.

இன்று மாவரைக்கும் இயந்திரத்தில் விரல் சிக்கியவருக்கும், மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டவருக்கும் அறுவை நடைபெறுகிறது. உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் டாக்டரிடம் முன்னரே கூறுக. பீடியை விடுக, புகை இரத்த ஓட்டத்தைக் குறைத்துப் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். திருமணத்தில் மந்திரிக்கப்பட்ட மோதிரத்தைக் கழற்றலாமா என்று தயங்கும் தாய்மார்கள் உண்டு. தாராளமாகக் கழற்றலாம். வீங்கிய விரலில் மோதிரம் இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும்.

வீடு திரும்பியதும் கையைத் தலையணைமேல், நெஞ்சைவிட உயர்த்தி வைக்கவேண்டும். கட்டு நனையலாகாது. விரல்நுனி நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, வலி மேன்மேலும் மிகுந்தாலோ விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரைக.

மற்றொன்றும் சொல்லவேண்டும். கைக்கு வேலை கொடுக்கலாம் என்று டாக்டர் அனுமதித்த பின்னரும் மகனுக்குச் சோறு ஊட்டுகிற தாயும், சட்டைப் பொத்தானைத் தாமே மாட்டிவிடுகிற மனைவியும் நம்மிடையே பலர். அந்த அன்பினாலேயே விரல்கள் இறுகிவிடுகின்றன. அவன் சாப்பிட ஒரு மணி நேரம் ஆகட்டும். தம்ளர் கைநழுவி விழுந்தால் விழட்டும், எவர்சில்வர் உடையாது.